பெயர் எழுதிய நாடும் பெயர் நீக்கிய நாடும்

வடாற்காட்டு மக்கள் வரலாறு: தொடர் 14

சென்ற இதழில் 1937 தேர்தலோடு நிறுத்தியிருந்தோம். சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களில் காங்கிரஸ் 159ஐப் பிடித்தது, ராஜாஜி மாகாணப் பிரதமரானார் என்பதுவரை பார்த்தோம். கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அந்தத் தேர்தலில் கண்ணமங்கலத்துக் கூலித்தறி நெசவாளிக்கு ஓட்டு இருந்ததா?

பெரும்பாலோருக்கு இல்லை.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், காட்பாடி - விழுப்புரம் ரயில் பாதையை ஒட்டி, நாகநதிக் கரையில் உள்ள ஊர் கண்ணமங்கலம். ஆரணிப் பட்டு என்று கடைகளில் விற்கும் சேலையில் ஒரு பங்கு இந்த வட்டாரத்துக் குழித்தறிகளில் நெய்தது. பட்டு நூல் முதலாளி கொடுப்பது. பாவும் அவர் கொடுப்பதே. தறியே அவருடையதாக இருப்பதும் உண்டு. நெய்பவருக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. இப்படி வாழ்ந்தவர் பெயரில் பட்டா நிலம் இருக்காது, வருமான வரி இருக்காது, குடியிருக்கும் வீடு சில நேரம் வாடகை வீடாக இருக்கும். அன்றைய சட்டம் ஓட்டுரிமைக்குக் கேட்டது இவற்றைத்தான்.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920இல் நடந்த முதல் சட்டசபைத் தேர்தலில், மாகாண மக்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்கே வாக்காளர்கள். நிலத்துக்குத் தீர்வை கட்டுபவர், நகராட்சி வரி கட்டுபவர், வருமான வரி கட்டுபவர் ஆகியோருக்கு ஓட்டு உண்டு. ராணுவத்தில் பணிபுரிந்து திரும்பியவருக்கும் உண்டு. இந்தக் கடைசி விதி நம் வட்டாரத்துக்குப் பொருள் உள்ளது. கண்ணமங்கலத்தை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் கம்மவான்பேட்டை இருக்கிறது. வீட்டுக்கு ஒரு சிப்பாய் என்று பெயர் வாங்கி, ராணுவப்பேட்டை என்றே அழைக்கப்படும் ஊர். சொத்தில்லாத ஏழை ஒருவர் ஓட்டுரிமை பெற அன்று இருந்த ஒரே வழி, அரசனுக்காகத் துப்பாக்கி ஏந்துவது. நெய்த சேலைக்கோ உழுத நிலத்துக்கோ அந்த மதிப்பு கிடையாது. நிலம் உழுதவருடையதாக இல்லாதவரை ஓட்டும் அவருடையது இல்லை.

பெண்களுக்கு ஓட்டுரிமை தருவதில் சென்னை மாகாணம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கே முன்னோடி. 1921 ஏப்ரலில் சட்டசபை அதற்குத் தீர்மானம் போட்டது. ஆனால் ஆணுக்கு இருந்த அதே சொத்துத் தகுதி பெண்ணுக்கும் வேண்டும். சொந்தப் பெயரில் சொத்துள்ள பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 1935 சட்டம் இன்னும் கொஞ்சம் கதவைத் திறந்தது. வாக்காளர் அளவு பிரிட்டிஷ் இந்திய மக்கள்தொகையில் ஏறத்தாழ 14 சதவீதம் ஆனது. தகுதியுள்ள ஆணின் மனைவிக்கும் கைம்பெண்ணுக்கும் ஓட்டு வந்தது. 1946இல் அரசியல் நிர்ணய சபையைத் தேர்ந்தெடுத்த மாகாணச் சட்டசபைகள் இந்தச் சிறு கூட்டத்தின் ஓட்டில் அமைந்தவை.

ஆக, 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்றபோது, அந்த நாட்டில் வயது வந்தோரில் பெரும்பாலோர் பெயர் எந்த வாக்காளர் பட்டியலிலும் இல்லை. பிரஜை என்ற சொல் அன்று எல்லோர் வாயிலும் இருந்தது. அரசனுடைய பிரஜையாக இருந்தவர் நாட்டின் குடிமகனாக மாறுவது எப்போது, எதனால்? கொடி மாறியதாலா, கட்சித் தொண்டர் தெருவில் முழக்கம் போட்டதாலா? 1948இல் டெல்லியில் நடந்த ஒரு காகித வேலையில்தான் அதற்கு விடை இருக்கிறது. அதே 1948இல் கொழும்பில் நடந்த இன்னொரு காகித வேலை அதே கேள்விக்கு நேர் எதிரான விடை சொன்னது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இந்த இதழின் நோக்கம்.

டெல்லியில், அரசியல் நிர்ணய சபையின் செயலகம் பி.என். ராவ் தலைமையில் இயங்கியது. ஒரு சிறு அதிகாரிகள் குழு. அரசியலமைப்பு இன்னும் வரைவு நிலையில் இருக்கிறது. குடிமகன் யார் என்று சொல்லும் பிரிவு முடிவாகவில்லை. தேர்தல் ஆணையம் என்ற ஒன்றே கிடையாது. இந்த நிலையில் 1948 மார்ச்சில் அந்தக் குழு எல்லா மாகாணங்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. வயது வந்த ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள் என்பது அதன் சாரம். 1949 ஜனவரி 1 அன்று 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 1948 மார்ச் 31 முடிய ஓராண்டில் 180 நாள் அந்த இடத்தில் வசித்திருக்க வேண்டும். அவ்வளவுதான். சொத்து, படிப்பு, வரி எதுவும் கேட்கப்படவில்லை.

எழுத வேண்டிய இடம் வீட்டு வாசல். கிராமங்களில் பல வீடுகளுக்கு எண்ணே இல்லை. எண் போடுவதிலிருந்து வேலை தொடங்கியது. வீடே இல்லாதவரை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, இரவில் தங்கும் இடமே அவர் முகவரி என்று கொண்டார்கள். பிரிவினையில் ஓடிவந்த அகதிகளால் 180 நாள் கணக்குக் காட்ட முடியாது. இங்கேயே நிலையாகத் தங்கப்போகிறேன் என்று அவர்கள் ஒரு வாக்குமூலம் கொடுத்தால் போதும் என்று விதியைத் தளர்த்தினார்கள். சில இடங்களில், அசாமில் குறிப்பாக, உள்ளூர் அதிகாரிகள் அகதிகளின் பெயரைச் சேர்க்க மறுத்தார்கள். அகதிகளின் சங்கங்கள் டெல்லிக்குக் கடிதம் எழுதின. வரைவு அரசியலமைப்பின் பிரிவுகளைச் சுட்டி, எங்களுக்கு உரிமை உண்டு என்று வாதாடின. செயலகம் அக்கடிதங்களுக்குப் பதில் போட்டது. சேர்க்கச் சொல்லி உத்தரவும் போட்டது. இந்தக் கடிதக் கட்டுகளை வரலாற்றாய்வாளர் ஓர்னித் ஷானி ஆவணக்காப்பகத்திலிருந்து தேடி எடுத்து 2018இல் நூலாக்கினார். அதைப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வரும் முன்பே, அதன் பெயரால் கேள்வி கேட்கும் மக்கள் வந்துவிட்டார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பெயரைத் தேடிப் போக வேண்டிய பொறுப்பு யாருடையது? அரசுடையது. கணக்குப்பிள்ளையும் கர்ணமும் வீடு தேடி வர வேண்டும். நெசவாளி தறிக்குழியை விட்டு எழுந்து, தன் தாத்தா எங்கே பிறந்தார் என்று யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் அங்கே இருக்கிறார் என்பதே சான்று. பின்னால் வரப்போகும் கதை முழுவதும் இந்த ஒரு நுட்பத்தைச் சுற்றியே ஓடுகிறது.

இப்போது கடலைத் தாண்டுவோம்.

வடாற்காடு, சேலம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, திருநெல்வேலி ஆகிய பகுதிகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போவது 1820களில் காப்பியோடு தொடங்கியது. 1869க்குப் பிறகு இலைநோய் காப்பியை அழித்தது, தேயிலை வந்தது. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைவரை நடந்த அந்தத் தொடக்க காலத்தில், காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். போய்ச் சேர்ந்தவர்கள் மலையைத் தோட்டமாக்கினார்கள். 1946 கணக்கெடுப்பில் இலங்கையில் இருந்த இந்தியத் தமிழர் சுமார் 7,80,000 பேர். அந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் அவர்கள் கிள்ளிய தேயிலை கொண்டுவந்தது.

ஓட்டுரிமையில் இலங்கை நம்மைவிட வெகுதூரம் முன்னே நின்றது. டொனமூர் சீர்திருத்தத்தால் 1931இலேயே, ஆசியாவில் முதலாவதாக, ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. தோட்டத் தமிழருக்கு மட்டும் நிலையான குடியிருப்பு அல்லது ஐந்தாண்டு வசிப்புச் சான்று என்ற நிபந்தனை இருந்தது. அப்படியும் லட்சக்கணக்கானோர் வாக்காளரானார்கள். வடாற்காட்டுக் கிராமம் ஒன்றில் அக்கா தங்கை இருவர் இருந்ததாக வைத்துக்கொள்வோம். கங்காணியோடு கப்பலேறிப் போன அக்கா 1931இல் நுவரெலியாவில் ஓட்டுப் போட்டிருக்கக்கூடும். ஊரிலேயே நின்று தறிக்குப் பாவு பிணைத்த தங்கைக்கு அந்த ஆண்டில் ஓட்டு இல்லை.

1947 தேர்தல் எல்லாவற்றையும் மாற்றியது. 1939இல் நேரு இலங்கைக்கு வந்த சமயத்தில் உருவான இலங்கை இந்தியக் காங்கிரஸ் அந்தத் தேர்தலில் ஏழு இடங்களை வென்றது. சிவகங்கைப் பகுதியின் முனாப்புதூரில் பிறந்த சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் வென்றார். இன்னும் பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவின் அரசு இதை நன்றாகவே கணக்குப் பார்த்தது.

1948 பிப்ரவரி 4இல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் குடியுரிமைச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் போதாது என்றது அது. தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்குக் காகிதம் வேண்டும். லயன் எனப்படும் வரிசை வீட்டு அறையில் பிறந்து, தோட்டத்திலேயே புதைக்கப்பட்ட பாட்டனின் பிறப்புப் பத்திரத்துக்குத் தொழிலாளி எங்கே போவார்?

1949இல் இரண்டு சட்டங்கள் தொடர்ந்து வந்தன. இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்றது முதலாவது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டும். ஊரில் ஒரு சாவுக்குப் போய்வந்தால்கூட அந்தத் தொடர்ச்சி கேள்விக்குள்ளாகும். குடிமக்களுக்கே ஓட்டு என்றது இரண்டாவது. அதோடு பட்டியலிலிருந்து பெயர்கள் போயின. கப்பலேறிய அக்கா வாக்காளர் பட்டியலிலிருந்து வெளியே வந்த அதே காலத்தில், ஊரில் இருந்த தங்கையின் பெயரை ஓர் எழுத்தர் முதன்முதலாக எழுதிக்கொண்டிருந்தார்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீட்டர் கெனமன் போன்ற இடதுசாரிகள் நாடாளுமன்றத்தில் எதிர்த்தார்கள். தமிழ்க் காங்கிரசிலிருந்து எஸ்.ஜே.வி. செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். வடக்கு, கிழக்குத் தமிழருக்கு நேரடிப் பாதிப்பு இல்லாத ஒரு சட்டத்துக்காக அவர் தன் கட்சியையே உடைத்துக்கொண்டார் என்பது சின்ன விஷயம் இல்லை. 1952இல் தொண்டமானும் தோழர்களும் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன் சத்தியாகிரகம் இருந்தார்கள். ஏறத்தாழ 140 நாள் அது நீடித்தது. ருவன்வெல்லைத் தொகுதியில் பெயர் சேர்க்க மறுக்கப்பட்ட கோடகன் பிள்ளை என்பவர் வழக்குத் தொடுத்தார். எந்தச் சமூகத்துக்கும் எதிராகச் சட்டம் இயற்றக் கூடாது என்று இலங்கை அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொல்கிறதே என்பது அவர் வாதம். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. தன் குடிமக்கள் யார் என்று வரையறுக்க ஒரு நாட்டுக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லி 1953இல் அது மனுவைத் தள்ளியது. சட்டத்தின் எழுத்தைப் பார்த்து அதன் விளைவைப் பார்க்க மறுத்த தீர்ப்பு அது.

விண்ணப்பங்களின் கதி என்ன? 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். 2,37,034 விண்ணப்பங்கள் போயின. அவற்றில் அடங்கியோர் எட்டேகால் லட்சம் பேர் அளவில். பத்தாண்டுக்கு மேல் நடந்த பரிசீலனையின் முடிவில் குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. ஆறில் ஒருவருக்குக் கிடைத்தது, ஐவருக்கு இல்லை. 1948இல் டெல்லி தன் மக்களிடம் சான்று கேட்காமல் எழுதிக்கொண்டே போனது. கொழும்பு தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டில் நிற்கவைத்து, நீ இந்த நாட்டவன்தான் என்று நிரூபி என்றது. சான்று காட்டும் சுமையை ஏழையின் தோளில் ஏற்றிவிட்டால், அவனை நாட்டை விட்டு நீக்க வேறு சட்டமே தேவையில்லை. கூட்டம் போட்டு யாரையும் துரத்த வேண்டாம்; ஒரு படிவம் போதும்.

இந்தியா அவர்களைத் தன்னவர் என்று ஏற்றதா? நேருவின் நிலைப்பாடு, அவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பது. கொள்கையாகப் பார்த்தால் அது சரி. உழைத்த நாடே உரிமை தர வேண்டும். இந்திய அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் தூதரகத்தில் பதிந்து குடியுரிமை பெறலாம் என்று கதவைத் திறந்துதான் வைத்திருந்தது. ஆனால் இலங்கையே தன் நாடு என்று நம்பியவர் அந்தக் கதவைத் தட்டினால், இலங்கை மீதான தன் உரிமையைத் தானே விட்டுக்கொடுத்ததாக ஆகும். இரண்டு அரசுகளின் கொள்கைகளுக்கு நடுவே ஏழெட்டு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள்.

மறுபடியும் நம் பக்கம் வருவோம். 1949 நவம்பர் 26இல் அரசியலமைப்பு ஏற்கப்பட்டது. அதன் பெரும்பகுதி 1950 ஜனவரி 26இல்தான் நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை பற்றிய 5 முதல் 9 வரையான பிரிவுகளும் தேர்தல் ஆணையம் பற்றிய 324ஆம் பிரிவும் உள்ளிட்ட சில பிரிவுகள் மட்டும் ஏற்கப்பட்ட அன்றே அமலாயின. குடியரசு பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே குடிமக்கள் பிறந்துவிட்டார்கள். அந்தக் குடியுரிமைப் பிரிவு வரைவுக் குழுவுக்குக் கொடுத்த தலைவலியை அம்பேத்கரே 1949 ஆகஸ்டில் சபையில் சொன்னார். பிரிவினையின் ரத்தம் காயாத நேரம். அதனால் எல்லை தாண்டிப் போனவர், திரும்பியவர் பற்றிய விதிகளில் கடுமையான வாதம் நடந்தது. ஆயினும் அடிப்படை எளிமையாக நின்றது. இந்தியாவை உறைவிடமாகக் கொண்டு இங்கே பிறந்தவர், அல்லது பெற்றோரில் ஒருவர் இங்கே பிறந்தவர், அல்லது ஐந்தாண்டு இங்கே வாழ்ந்தவர் குடிமகன். மதம், சாதி, பூட்டனின் பிறப்பு எதுவும் அதில் கிடையாது.

முதல் பொதுத் தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் முடிந்தது. சுகுமார் சென் தலைமைத் தேர்தல் ஆணையர். வாக்காளர் 17 கோடிக்கு மேல். எழுதப் படிக்கத் தெரிந்தவர் நாட்டில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. அதனால்தான் சின்னங்கள் வந்தன. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. பெட்டியின் மேல் சின்னம். அந்தப் பெட்டிகளுக்கு மட்டும் 8,200 டன் எஃகு செலவானது. வட மாநிலங்களில் பெண்கள் பலர் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்திருந்தார்கள். அப்படிப்பட்ட சுமார் 28 லட்சம் பதிவுகளைச் சென் நீக்கச் செய்தார். அடுத்த முறை சொந்தப் பெயரோடு வரட்டும் என்ற அவர் முடிவு அன்று கடுமையாகவே பட்டது. ஆனால் 1957இல் அவர்களில் பெரும்பாலோர் தங்கள் பெயரிலேயே பட்டியலுக்கு வந்தார்கள்.

சென்னை மாகாணம் 1952 ஜனவரியில் வாக்களித்தது. 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. சிறு கூட்டம் மட்டும் ஓட்டுப் போட்டபோது கிடைத்த அந்த 1937 பெரும்பான்மை, எல்லோரும் ஓட்டுப் போட்டதும் கரைந்தது. வடாற்காட்டிலும் செங்கற்பட்டிலும் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி ஆறு சட்டமன்ற இடங்களை வென்றது. தென்னாற்காட்டில் ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி பத்தொன்பது. சிறு உழவரும் விவசாயக் கூலிகளும் முதன்முறையாகத் தங்கள் எண்ணிக்கையைத் தாங்களே உணர்ந்த தேர்தல் அது. அமைச்சரவை அமைக்க ராஜாஜி மாணிக்கவேலரின் ஆதரவைத் தேட வேண்டியிருந்தது; அவரை அமைச்சராக்கினார்.

நெசவாளர்களும் சும்மா இருக்கவில்லை. 1952இல் கைத்தறித் துணி தேங்கிக் கிடந்தது. நூல் விலை ஏறியது. மாகாணம் எங்கும் நெசவாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. அடி முக்கியமாகப் பருத்தித் தறிக்கு. ஆனால் வாங்குபவர் கையில் காசு இல்லாதபோது பட்டுத் தறி மட்டும் எப்படி ஓடும்? பட்டினி இதற்கு முன்பும் வந்ததுண்டு. அப்போதெல்லாம் கஞ்சித் தொட்டி வைப்பார்கள். இந்த முறை அது ஓட்டுள்ளவரின் பட்டினி. வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று ராஜாஜி அரசு மத்திய அரசை வற்புறுத்தியது. 1953இல் திராவிட முன்னேற்றக் கழகத் தலைவர்கள் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள், அண்ணாதுரையும் விற்றார். ஆலைகள் வேட்டி நெய்வதற்கு மத்திய அரசு வரம்பு விதித்தது. ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று பை (கால் அணா) மேல்வரி போட்டு, அந்தப் பணத்தைக் கைத்தறி, கதர் வளர்ச்சிக்குத் திருப்பும் சட்டம் 1953இல் வந்தது. பின்னாளில், 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் பட்டுச் சேலையும் இடம் பெற்றது. விசைத்தறியினர் தொடுத்த வழக்கில் 1993இல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தை உறுதி செய்தது.

இதனால் நெசவாளியின் வறுமை தீர்ந்ததா? தீரவில்லை. ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கும்போதே விசைத்தறிச் சேலை கைத்தறி என்று விற்கப்படுகிறது. பிள்ளைகள் தறியை விட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். ஆனால் அவர் கேட்டார், அரசு பதில் சொல்ல வேண்டி வந்தது. பட்டியலில் பெயர் இருப்பதன் நடைமுறைப் பயன் இதுதான். அதே 1952-53இல் இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளியின் கூலியைப் பற்றியோ லயன் அறையின் ஒழுகும் கூரையைப் பற்றியோ எந்தக் கட்சியும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. ஓட்டில்லாதவரின் கூரை ஒழுகினால் எந்த வேட்பாளருக்கும் நஷ்டமில்லை. 1952இல் நடந்த இலங்கைத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓர் இடமும் இல்லை. தொண்டமான் மறுபடி மக்கள் ஓட்டில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது 1977இல்.

இடையில் 1964 அக்டோபர் 30இல் டெல்லியில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் உட்கார்ந்து, நாடற்ற 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000; இலங்கைக்கு 3,00,000; மிச்சம் 1,50,000 பிறகு பார்க்கலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாடுகள் சேர்ந்து செய்த இந்தக் காரியத்தை ராஜதந்திர வெற்றி என்று எழுதுபவர்கள் இன்றும் உண்டு. மனிதரை எண்ணிக்கையாக்கி ஏலம் போட்டதை வெற்றி என்று சொல்ல இந்தத் தொடருக்கு மனம் வரவில்லை. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை என்று குடும்பங்கள் அறுந்தன. தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம். அங்கிருந்து மண்டபம் முகாம். பிறகு நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்கள், கன்னியாகுமரியின் ரப்பர்த் தோட்டங்கள், தமிழ்நாட்டின் பல மாவட்டங்கள். 1984இல் கப்பல் நிற்கும்வரை வந்தவர்கள், பிறந்த குழந்தைகளையும் சேர்த்தால், நான்கு லட்சத்துக்கு மேல்.

இலங்கையில் தங்கியவர்களுக்கு 1986, 1988 ஆண்டுகளில் வந்த சட்டங்கள் பகுதி தீர்வு தந்தன. 2003இல் இலங்கை நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய சட்டம், மிச்சமிருந்த சுமார் 1,68,000 பேருக்குக் குடியுரிமை கொடுத்தது. ஒரு கையெழுத்தில் 1948இல் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க ஐம்பத்தைந்து ஆண்டு பிடித்தது.

கதை அங்கே முடிந்திருக்கலாம். முடியாததற்குச் சாட்சி கண்ணமங்கலத்துக்கு வடக்கே, வேலூரை ஒட்டிய மேல்மொணவூரில் இருக்கிறது. அது இலங்கைத் தமிழர் முகாம். 2021 நவம்பர் 2 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் முகாம்களுக்கான 3,510 புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டியது அங்கேதான். அதே ஆண்டில் அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றப்பட்டது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் மலையகத்தார். 1964 ஒப்பந்தப்படி கப்பலில் வந்திருந்தால் இந்தியக் குடிமக்கள் ஆகியிருப்பார்கள். இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு உயிரைக் காக்கப் படகில் வந்ததால், கடவுச்சீட்டு இல்லாததால், சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறிகள். பூட்டன் தமிழ்நாட்டில் பிறந்தவர். பேரன் தமிழ்நாட்டில் அகதி.

வீட்டுக்குக் கூரை கிடைத்துவிட்டது, ரேஷன் உண்டு, மாதாமாதம் பணக்கொடை உண்டு. பிள்ளைகள் பொறியியல் படிக்கிறார்கள். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, கடவுச்சீட்டு எடுக்க முடியாது, ஓட்டுப் போட முடியாது. தமிழக அரசுகள் செய்த உதவியைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் உதவி பெறுபவர் கேட்கும் தொனி வேறு. உரிமை உள்ளவர் கேட்கும் தொனி வேறு. 2019இல் இயற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைச் சொல்லி, இலங்கையை விட்டது. முகாம்களில் வாழும் 65 பேர் தொடுத்த வழக்கில், அந்த ஆண்டு ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்கள் குடியுரிமைக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்திருந்தார்.

சிறிய கதவு ஒன்று சட்டத்திலேயே இருந்தது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண், கடவுச்சீட்டு மறுக்கப்பட்டபோது இந்த விதியைக் காட்டி நீதிமன்றம் போனார். 2022இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் முதல் ஓட்டைப் போட்டார். அவருக்கு அப்போது வயது 38. அவருக்குப் பின் பிறந்த தலைமுறைக்கு, அதாவது 1987 ஜூலைக்குப் பின் அதே முகாமில் அதே பெற்றோருக்குப் பிறந்த தம்பி தங்கைக்கு, அந்தக் கதவு கிடையாது.

1948இல் டெல்லி எழுத்தர்கள் கேட்ட கேள்விகள் இரண்டே: வயது என்ன, எத்தனை நாளாக இங்கே இருக்கிறாய்? முகாமில் நாற்பது ஆண்டாக இருப்பவரிடம் இன்றும் அந்த இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டால் வழக்கு ஒரே நாளில் முடிந்துவிடும். மத்திய அரசு கேட்க வேண்டும். தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் கேட்கவைக்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. வாக்காளர் பட்டியல் திருத்தம் என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் அதை ஊராட்சிச் சுவரில் ஒட்டிய இன்னொரு காகிதம் என்று கடந்துவிடாதீர்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய தீவிரத் திருத்தத்தில், பழைய பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது என்று தேடும் வேலை குடிமக்களின் தலையில் வந்தது. வேலைக்காகத் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போன தறிக்காரப் பிள்ளைகளும், மணமாகி வேறு ஊர் போன பெண்களும், படிக்கத் தெரியாத முதியவர்களும்தான் இப்படிப்பட்ட நேரங்களில் முதலில் விடுபடுகிறவர்கள். பெயர் சேர்க்கப் படிவம் 6, திருத்தவும் முகவரி மாற்றவும் படிவம் 8. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கிடைக்கும். உங்கள் பெயரைப் பார்த்த கையோடு, பக்கத்து வீட்டுப் பாட்டியின் பெயரையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்த இதழில்: 1952க்குப் பிறகு வடாற்காட்டின் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள்.